ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒருவரிடம் எத்தனை மணி நேர வேலை என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கு வராது. "ஒன்றரைங்க" என்பார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். பெல் அடிக்கும், டீ வரும், கூடவே ஒரு வடையோ பன்னோ வரும். அந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்காருவார்கள். இன்னும் நாலு மணி நேரம். சரக்கு கிளம்ப வேண்டிய வாரமாக இருந்தால் இரண்டு ஷிப்ட், வீடு போய்ச் சேர நடுச்சாமம் தாண்டிவிடும்.

நெருக்கடி இல்லாத வாரத்திலேயே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி வீதம் ஆறு நாள். மொத்தம் 72 மணி நேரம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அப்படிக் கூடுதலாகப் பார்த்தாலும் வாரத்துக்கு மொத்தம் 60 மணியைத் தாண்டக்கூடாது, மூன்று மாதத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்றும் அது சொன்னது. வாரத்துக்கு 24 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறவருக்கு மூன்று மாதக் கணக்கு மூன்றாவது வாரம் தொடங்கிய உடனே தீர்ந்துபோகும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் எட்டு மணி நேர நாளும் இரட்டிப்புக் கூலியும் இருக்கின்றன. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் இருக்கிறது.

இங்கே நடப்பது வேறு. கணக்குக்காக ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி பார்த்தால் அந்தக் கூடுதல் நாலு மணி நேரத்துக்கு இன்னொரு 500 வர வேண்டும். பல இடங்களில் கொடுப்பது 250. அதனால்தான் அதை யாரும் ஓவர்டைம் என்று சொல்வதில்லை. அது அரை ஷிப்ட். சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த 750-ஐ நம்பித்தான் நிற்கின்றன. ஐந்தரைக்கே கிளம்பினால் மாதக் கடைசியில் துண்டு விழும். சம்மதம் கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். வேறு வழி இருந்து தலையாட்டுவது ஒன்று, வழியில்லாமல் தலையாட்டுவது வேறொன்று. சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.

என் அம்மா செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே என்னைப் படிக்க வைத்தவர். நான் இப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போடுவதும் ஃப்ளோருக்கு ஓடுவதும்தான் என் வேலை. இரண்டு பக்கமும் தெரியும் இடம் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

மனம் எரிந்துபோவது (பர்ன்அவுட்) பற்றி இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறார்கள். பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகளைப் பற்றி, லேப்டாப்பும் மீட்டிங்கும் டெட்லைனும் உள்ளவர்களைப் பற்றி. அவர்கள் படும் பாடும் நிஜம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் இதை வேலையால் வரும் நிலை என்று சேர்த்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தியெல்லாம் வற்றிப்போவது. வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் கசப்பு வருவது. நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. இந்த மூன்றையும் படித்தபோது எனக்கு எந்த லேப்டாப்பும் ஞாபகம் வரவில்லை. எங்கள் தையல் ஹால்தான் ஞாபகம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை பூராத் தூங்குனாலும் திங்கக்கிழமை உடம்பு எந்திரிக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்லாத டெய்லர் எங்கள் ஹாலில் இல்லை. அது முதல் அடையாளம். முன்பெல்லாம் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்த ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கிப் பிடித்து "பாருங்க, ஒரு சுருக்கம் இருக்குதா?" என்று கேட்ட ஓர் அக்கா, இப்போது பீஸைப் பார்ப்பதே இல்லை. தைத்ததும் தள்ளிவிடுகிறார். கேட்டால் "எப்படியோ போகுது கண்ணு" என்கிறார். அது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஓவர்லாக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவருக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆல்டர் பீஸ், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை, கூடிக்கொண்டே போகும். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்துவார். அவர் தன் கண்ணைக் குறை சொல்வார், வயதைக் குறை சொல்வார். வயது நாற்பதைக்கூட எட்டியிருக்காது. பன்னிரண்டாவது மணி நேரத்தில் எந்தக் கையும் தடுமாறும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

நீண்ட வேலை நேரம் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். அங்கே ஆபத்துக் கோடு 55. திருப்பூரின் சாதாரண வாரம் அதற்கும் 17 மணி நேரம் அப்பால் இருக்கிறது.

நேரம் மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் ஒரு விஷயத்தை எழுதினார். வேலைச் சுமை கூடுவதால் மட்டும் ஒருவர் நொறுங்கிப்போவதில்லை. சுமை கூடி, அந்த வேலையின் மேல் அவருக்குள்ள பிடி குறையும்போதுதான் நொறுங்குகிறார். இதை நான் தினமும் பார்க்கிறேன். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் ஷிப்ட் ரேட்காரர்களைவிட வேகமாக ஓடுகிறார்கள். ஆனால் பீஸ் ரேட் டெய்லர் ஒருவர் நாளைக்கு வரமாட்டேன் என்றால் வரமாட்டார். ரேட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்தில் இன்னொரு கம்பெனி. அந்தச் சின்னச் சுதந்திரம் முகத்தில் தெரியும். ஷிப்ட் ரேட்டில் லைனில் உட்காருகிறவருக்கு அதுவும் கிடையாது. தலைக்கு மேல் போர்டு. மணிக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், எத்தனை வந்தது என்று அதில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் உள்ளவர் தள்ளும் பீஸ் மடியில் வந்து குவியும். பின்னால் உள்ளவர் "அக்கா, பீஸ் வரலைங்க" என்பார். எழுந்து பாத்ரூம் போனால் திரும்பி வருவதற்குள் குவியல் ஏறிவிடும்.

அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அயர்னிங் டேபிளின் ஆவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், முதுகு வலி எல்லாம் ஹாலில் அன்றாடப் பேச்சு. மாதவிடாய் நாட்களிலும் டார்கெட் குறையாது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. வயிற்று வலிக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கம்பெனியிலேயே கொடுத்தார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்தபோது வெளியூர் நண்பர்கள் பதறிப்போய் எனக்கு அனுப்பினார்கள். அம்மாவிடம் காட்டினேன். "இதுல என்ன புதுசு?" என்றுதான் கேட்டார்.

இத்தனை நேரம் ஏன் உழைக்க வேண்டியிருக்கிறது? முதலாளிகள் பேராசைக்காரர்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் எளிது. என் மேஜையிலிருந்து பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது.

ஒரு டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால் முதலில் நூல் வாங்க வேண்டும். பிறகு நிட்டிங். அதற்கு முன்பே சாயத்துக்கு லேப் டிப் என்ற நிற மாதிரியை அனுப்பி, பையர் "இந்த நிறம் சரி" என்று சொல்ல வேண்டும். டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, அப்புறம்தான் தையல். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பும். இதில் ஷிப்மென்ட் தேதி மட்டும் முதல் நாளே முடிவாகிவிடும். அது அசையாது. மற்றதெல்லாம் அசையும். நிறத்தை ஒப்புக்கொள்ளும் மெயில் வாரக்கணக்கில் வராமல் இருக்கும், அந்த ஊரில் விடுமுறைக் காலம் என்பார்கள். நூல் விலை ஏறி, இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். சாயப்பட்டறையில் ஷேடு மாறி மறுபடி போட வேண்டி வரும். லேபிளில் ஓர் எழுத்தை மாற்றச் சொல்லிப் பையர் கடைசி நேரத்தில் எழுதுவார். ஒவ்வொரு இடத்திலும் சில நாட்கள் போகும். தாமதம் எங்கே பிறந்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: தையல் ஹாலும் செக்கிங் டேபிளும். அதற்குப் பிறகு தள்ளிவிட வேறு இடம் இல்லை.

தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும். சில சமயம் மொத்த லாபமும் அதிலேயே போய்விடும். அதனால் இரண்டு ஷிப்ட் போடச் சொல்வார்கள். யாரோ ஒருவர் ஒரு மெயிலுக்குப் பதில் போடாமல் விட்ட மூன்று வாரத்தை, பாண்டியன் நகரிலிருந்து வரும் ஒரு பெண் தன் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறாள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் சட்டையின் விலையில் நூலுக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவு என்று பைசா பைசாவாகப் பிரித்து எழுதும் எங்கள் காஸ்டிங் ஷீட்டில், அந்தத் தூக்கத்துக்கு ஒரு வரி கிடையாது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலை நாளுக்கு அது வழி திறந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாட்களிலேயே நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டத்தில் எட்டு மணி இருப்பதால்தான் என்றாவது ஒருநாள் அதைக் காட்டிக் கேட்க முடியும். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் "பன்னிரண்டு மணி நேரமா!" என்று விவாதம் நடந்தபோது எங்கள் ஹாலில் யாரும் அதைப் பார்க்கவில்லை. விவாதம் ஒளிபரப்பான நேரத்தில் எல்லோரும் அரை ஷிப்டில் இருந்தார்கள்.

பெண்களுக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரம் நாளின் நடுப்பகுதி மட்டுமே. விடியும் முன் எழுந்து காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்து, கம்பெனி வேனையோ டவுன் பஸ்ஸையோ பிடிக்கிறார்கள். லைன் வீடுகளில் பல குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. குழாயில் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். அன்றைக்கு லீவு போட்டால் ஒரு ஷிப்ட் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு டெய்லர், மாலை டீ இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வந்து மகளுக்கு வீடியோ கால் போடுவார். மகள் வீட்டுப்பாட நோட்டை கேமரா முன் பிடிப்பாள். இவர் ஒரு கையில் பன்னோடு கூட்டல் கழித்தலைச் சரி பார்ப்பார். பெல் அடித்ததும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும், மளிகை வாங்கவும், குழுக் கடனுக்குப் பணம் எடுத்து வைக்கவும் ஒதுக்கிய நாள்.

ஊரே மொத்தமாக ஓய்வெடுப்பது தீபாவளிக்குத்தான். போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் நாலு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கழித்து வருவார்கள். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போனவர்கள் இன்னும் தாமதம். முதலாளிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வருடம் முழுக்கப் பிடுங்கிய ஓய்வை உடம்பு ஒரே தவணையில் வசூலிக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். திங்கட்கிழமைகளில் ஆள் குறைவதும் அதே காரணத்தால்தான். "சோம்பேறிகள், ஞாயிறு குடித்துவிட்டுத் திங்கள் படுத்துக்கொள்கிறார்கள்" என்று அலுவலகத்தில் பேசுவார்கள். குடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் திங்கள் வராதவர்களில் குடிக்காத பெண்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், காதர்பேட்டையிலிருந்து பெருமாநல்லூர் வரை எந்த கேட்டைப் பார்த்தாலும் "டெய்லர்கள் தேவை" போர்டு. ஆள் கிடைக்கவில்லை என்பது இங்கே தீராத புலம்பல். ஆனால் நன்றாகத் தைக்கத் தெரிந்த, நாற்பதைத் தாண்டிய பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார்கள், அல்லது பவர் டேபிள் என்று சொல்லும் சின்னத் தையல் யூனிட்டில் பாதி நாள் வேலை பார்க்கிறார்கள். கம்பெனியில் கிடைப்பதைவிட வருமானம் குறைவு என்று தெரிந்தேதான் போனார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் கூலியைப் பற்றி இரண்டாவதாகத்தான் பேசுவார்கள். முதலில் வருவது "ராத்திரி வரைக்கும் முடியலைங்க", அடுத்து "அந்தத் திட்டு".

திட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு தாங்கினாலும் மனசு தாங்காத விஷயம் அது. இதை மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு 2022-ன் திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு பெரிய நம்பிக்கை. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஓர் ஆடைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஹெச் அண்ட் எம், கேப், பிவிஹெச் போன்ற பிராண்டுகளும் தனியே கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டன. வேலைத்தளத்தில் பெண்களுக்கு நேரும் வன்முறையையும் தொல்லையையும் கண்டு சொல்ல, தொழிலாளர்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். பையரும் பொறுப்பேற்று எழுத்தில் கையெழுத்துப் போட வைக்க முடியும் என்று அது காட்டிவிட்டது. தொல்லைக்குப் பொறுப்பேற்க வைக்க முடிந்ததென்றால் தாமதத்துக்கும் பொறுப்பேற்க வைக்கலாம். ஒப்புதல் மெயில் எத்தனை நாள் தாமதமோ, அத்தனை நாள் ஷிப்மென்ட் தேதியும் நகர வேண்டும் என்று ஒரே ஒரு வரி ஆர்டரில் இருந்தால் போதும், எத்தனையோ இரண்டு ஷிப்டுகள் தானாக நின்றுபோகும்.

நேரத்தைக் கேட்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வார விடுமுறையையும் கேட்டார்கள், பெற்றார்கள். 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது அவர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. கூலியையும் கேட்டார்கள், சாப்பிட நேரத்தையும் கேட்டார்கள். திருப்பூரிலேயே 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு வேலை பெரிய கூரைகளிலிருந்து சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குச் சிதறியது, சங்கம் பிடித்து நிற்கும் இடமும் சிதறியது. இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். செய்தித்தாளில் நாம் பார்ப்பது எத்தனை சதவீதம் உயர்வு என்பதை மட்டும். எட்டு மணி நேரத்துக்கு உயர்த்திய கூலியை வைத்து அரை ஷிப்டைக் கைவிட முடியுமா என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

சில கம்பெனிகள் இப்போது யோகா வகுப்பு வைக்கின்றன, மனநல ஆலோசகரை அழைத்து வருகின்றன. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆலோசகர் வந்து நன்றாகத் தூங்குங்கள் என்று சொன்ன அன்றைக்கும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் அந்த வகுப்பால் யாருக்கும் பயனில்லை.

போன மாதம் டீ நேரத்தில் செக்கிங்கில் இருக்கும் மூன்று பேரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது வாங்கும் வாரச் சம்பளத்தையே கொடுத்து ஐந்தரைக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள்? ஒருவர் யோசிக்கவே இல்லை, "தூங்குவேனுங்க" என்றார். இன்னொருவர் "வெளிச்சம் இருக்கறப்பவே வீட்டுக்குப் போய் சூடா ரசம் வெச்சு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்" என்றார். மூன்றாமவர், கடனில் இருப்பவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பவர் டேபிளுக்குப் போய் நாலு மணி நேரம் தைப்பேன் கண்ணு, வாரத் தவணை இருக்குதே" என்றார்.

அவர் ஐந்தரைக்கு மேல் எங்கும் போகத் தேவையில்லாத கூலி எவ்வளவு என்று இன்னும் சரியாகக் கணக்குப் போடவில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், தவணை, மருந்து என்று அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மற்ற இருவரும் தங்கள் கணக்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் திருப்பூர்க்காரர்கள் யாராவது உங்கள் வீட்டுக் கணக்கையும் அனுப்பினால், பெயர் இல்லாமல் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகிற சங்கத்தாரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.